திருவள்ளூர் பூஜ்யம் யாருக்கு அவமானம்?

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் காலை நேர லோக்கல் வந்து நிற்கும்போது கவனித்தால் ஒன்று தெரியும். உட்கார இடம் கிடைக்காமல் மேலே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களின் அரைக்கைச் சட்டை கொஞ்சம் மேலேறியிருக்கும். இடது தோளுக்குக் கீழே வட்டமாய் ஒரு சின்னத் தழும்பு. காலேஜுக்குப் போகிற பையனுக்கும் இருக்கும், எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவருக்கும் இருக்கும். (ரொம்ப வயசானவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் அம்மை குத்திய தழும்பு. அது வேறு கதை.) அது என்ன தழும்பு என்று கேட்டால் "சின்ன வயசுல ஊசி போட்டதுங்க" என்பார்கள். என்ன ஊசி என்று கேட்டால், ஙே!

பி.சி.ஜி. ஊசி. டி.பி. என்கிற காசநோய்க்கு எதிராகப் பிறந்த குழந்தைக்குப் போடுவது. சரி, இந்த ஊசி நிஜமாகவே வேலை செய்கிறதா என்று உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? பாரிஸும் இல்லை, லண்டனும் இல்லை. செவ்வாப்பேட்டையிலிருந்து ரெண்டே ஸ்டேஷன் தள்ளி இருக்கிற திருவள்ளூர் வட்டாரம்தான்!

வந்த விடை என்ன? பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தை வைத்து இரண்டு கோஷ்டிகள் பிழைப்பு நடத்துகின்றன. ஒரு கோஷ்டி அதைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. இன்னொரு கோஷ்டி பாயைப் போட்டு மூடுகிறது. இரண்டுமே திருவள்ளூர்க்காரர்களுக்குச் செய்கிற துரோகம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் நடந்தது என்ன?

1950களில் பிரிட்டனில் பள்ளி முடிக்கிற வயதுப் பிள்ளைகளிடம் பி.சி.ஜி.யைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட 80 சதவீதம் பாதுகாப்பு என்று வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் சோதித்தார்கள். வெறும் 14 சதவீதம்! ஒரே பெயர் கொண்ட ஊசி, ஒரு ஊரில் ஹீரோ, இன்னொரு ஊரில் ஜீரோவுக்குப் பக்கம். யாரை நம்புவது?

இதற்கு நடுவில் நம்ம மதராஸில் வேறு சண்டை. கிண்டியில் 1948ல் பி.சி.ஜி. தயாரிக்கிற ஆய்வகம் வந்தது. ஊர் ஊராக ஊசி போடுகிற இயக்கம் கிளம்பியது. முதலமைச்சராக இருந்து இறங்கிய ராஜாஜி, 1955ல் இதை எதிர்த்துத் தனிப் புத்தகமே போட்டார். அரசாங்கம் போடச் சொன்னது, ராஜாஜி வேண்டாம் என்றார். இரண்டு பக்கமும் நிறைய வாதம் இருந்தது. இந்த மண்ணில் எடுத்த சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கை எடுக்கத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968ல் இறங்கின. இடம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதி. (செங்கல்பட்டு மாவட்டம் 1997ல் பிரிந்துதான் திருவள்ளூர் தனி மாவட்டமானது. அதனால்தான் உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'செங்கல்பட்டு சோதனை' என்று பெயர். ஊரின் பெயர்கூட ஊருக்குக் கிடைக்கவில்லை பாருங்கள்!)

1968 முதல் 1971 வரை 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு மாதக் குழந்தைக்கு மேல் எல்லா வயதும். சிலருக்கு நிஜ பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பிறகு வந்து எக்ஸ்ரே எடுத்து, சளி வாங்கிப் பார்த்தவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் கிடைத்ததிலேயே நல்ல ரகங்கள் என்று பெயர் வாங்கிய பிரெஞ்சு ரகம், டேனிஷ் ரகம் இரண்டையும் பயன்படுத்தினார்கள். அதாவது ஊசி மட்டம் என்று சாக்குச் சொல்ல வழி வைக்கவில்லை.

ஏழரை வருடக் கணக்கோடு முதல் அறிக்கை 1979ல் வந்தது. பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்த முழு அறிக்கை 1999ல் வந்தது. ஊசி போடும்போது டி.பி. கிருமி தொற்றாதவர்கள் என்று கணக்கிட்ட 1,09,873 பேரில், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமார் 27 சதவீதம், அதுவும் பூஜ்யமாகவே இருக்கலாம் என்கிற அளவுக்கு நிச்சயமில்லாத 27.

இப்போது முதல் கோஷ்டிக்கு வருவோம்.

"பாத்தியா, திருவள்ளூர்லயே டெஸ்ட் பண்ணி ஃபெயில் ஆயிடுச்சு. அப்புறம் எதுக்குக் குழந்தைக்கு டி.பி. ஊசி? எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்." வாட்ஸப்பில் வருடத்துக்கு நாலு தடவை இந்த ரீதியில் ஏதாவது சுற்றும். கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். கொஞ்சம் தட்டிப் பார்த்தால் ஓட்டை.

திருவள்ளூரில் எண்ணியது எந்த நோயை? நுரையீரலில் வந்து, சளியில் கிருமி தெரிகிற டி.பி.யை. அது பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வருவது. பச்சைக் குழந்தைக்கு வருகிற டி.பி. வேறு மாதிரி. கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவும், மூளை உறையைத் தாக்கும். குழந்தை சளியைத் துப்பிக் காட்டாது, சில வாரங்களில் கை மீறிப் போய்விடும். இந்த மோசமான குழந்தை டி.பி.யைத்தான் பிறந்தவுடன் போடுகிற பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின. திருவள்ளூர் சோதனை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு 'இல்லை' என்று விடை எழுதுவது எந்த ஊர் நியாயம்? கடையில் அரிசி ஸ்டாக் பூஜ்யம் என்று எழுதியிருக்கிற பக்கத்தைக் காட்டி, "பருப்பும் இல்லையாம்" என்று ஊரெல்லாம் சொல்வது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது யார்? தடுப்பூசியை எதிர்த்தவர்களா? ஊசியைப் போட்டவர்களேதான் எண்ணினார்கள், அவர்களேதான் வெளியிட்டார்கள். எல்லாமே ஏமாற்று என்றால் இந்த அறிக்கையை யார் வெளியே விட்டிருப்பார்கள்? தன் புத்தகத்தில் தானே நஷ்டம் எழுதுகிற கணக்குப் பிள்ளையைத் திருடன் என்று சொல்ல ஒரு தனி தைரியம் வேண்டும்.

அடுத்து இரண்டாவது கோஷ்டி. இவர்கள் படித்தவர்கள், அதனால் ஆபத்தும் அதிகம்.

மருத்துவப் படிப்பில் பி.சி.ஜி. பற்றி ஒரு வரி வரும். 'இதன் பாதுகாப்பு 0 முதல் 80 சதவீதம் வரை.' மனப்பாடம் செய், நாலு விடைகளில் சரியானதை டிக் அடி, அடுத்த கேள்விக்குப் போ. அந்த 0 எங்கிருந்து வந்தது, யார் கையை நீட்டி வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

சென்னையில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சானடோரியத்தில் வருடக்கணக்கில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் டி.பி. குணமாகும் என்று 1959ல் உலகத்துக்குக் காட்டிய இடம் அது. அதை மேடைக்கு மேடை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். திருவள்ளூரைச் சொல்லும்போது மட்டும் ஏன் குரல் இறங்குகிறது? அது ஜெயித்த கதை, இது தோற்ற கதை என்பதாலா? ஜெயித்தது மாத்திரை, தோற்றது ஊசி. சோதனை இரண்டு இடத்திலும் ஜெயித்திருக்கிறது!

இதைவிடப் பெரிய குற்றம், அந்தப் பூஜ்யத்துக்குள் இருக்கிற பாடத்தைச் சொல்லாமல் விடுவது. நோய் எதிர்ப்பு சக்தி என்றதும் பள்ளிக்கூடத்தில் ஒரு படம் போடுவார்கள். உடம்பு ஒரு கோட்டை, வெள்ளை அணுக்கள் சிப்பாய்கள், கிருமி எதிரி, தடுப்பூசி என்பது சிப்பாய்க்கு எதிரியின் போட்டோவைக் காட்டுவது. அழகான படம். டி.பி. விஷயத்தில் இந்தப் படம் பாதியிலேயே கிழிந்துவிடும்.

டி.பி. கிருமியை விழுங்குகிற வெள்ளை அணுவுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். விழுங்கியதும் கிருமி செத்துவிடும் என்றுதானே நினைப்போம்? இது அந்த அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற கிருமி. வெளியே மிதக்கிற கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடிக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. டி அணுக்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்கிற ரசாயனச் சேதியை அனுப்பினால்தான் மேக்ரோஃபேஜ் விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கொல்லப் பார்க்கும். முடியாவிட்டால் அணுக்கள் சுற்றி நின்று சுவர் எழுப்பும். சுவருக்குள் கிருமி வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். உடம்பு தளர்ந்தால், சர்க்கரை வியாதி வந்தால், சாப்பாடு குறைந்தால், சுவர் விழும்.

திருவள்ளூரில் ஊசி போட்டவர்களுக்குச் சில வாரம் கழித்துத் தோலில் டியூபர்குலின் சோதனை செய்தார்கள். கை நன்றாகவே தடித்தது. அதாவது உடம்பு ஊசியைக் கவனித்தது, டி அணுக்கள் பாடம் படித்தன. ஆனாலும் நோய் தடுக்கப்படவில்லை! உடம்பு பதில் சொல்வது வேறு, உடம்பு பாதுகாக்கப்படுவது வேறு. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே திருவள்ளூரைக் கும்பிடலாம். இன்றைக்கும் ஏதாவது புது மருந்தை விற்க "எதிர்ப்பு சக்தி இத்தனை மடங்கு ஏறுகிறது" என்று விளம்பரம் வந்தால், "ஏறட்டும் ஐயா, நோய் குறைந்ததா?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தது இந்தச் சோதனைதான்.

சரி, ஏன் தோற்றது? ஒரே காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் வலுவான ஒரு விளக்கம் நம்ம மண்ணிலேயே இருக்கிறது. டி.பி. கிருமிக்குத் தூரத்துச் சொந்தக்காரக் கிருமிகள் மண்ணிலும் தண்ணீரிலும் நிறைய உண்டு. பெரும்பாலும் நோய் தராத சாதுக்கள். திருவள்ளூர் வட்டாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு இவற்றோடு சின்ன வயதிலேயே பழக்கம் ஏற்பட்டிருந்ததைத் தோல் சோதனையே காட்டியது. ஏரியிலும் வயலிலும் இறங்கி வளர்ந்த உடம்பு அது. ஏற்கெனவே ஓரளவு பாடம் படித்த உடம்புக்கு பி.சி.ஜி. புதிதாக எதையும் சொல்லித்தர முடியாமல் போயிருக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பழைய பழக்கமே பி.சி.ஜி.யை வேரூன்ற விடாமல் தடுத்திருக்கலாம். குளிர் நாடுகளில் ஊசி நன்றாக வேலை செய்து, பூமத்திய ரேகைப் பக்கம் வரவர மங்குவதற்கும் இந்த விளக்கம் ஓரளவு பொருந்துகிறது.

ஆக, லண்டன் பிள்ளைக்குப் பொருந்துவது திருவள்ளூர்ப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டில் நிரூபித்தாயிற்று என்றாலே கை தட்டுகிற நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல குட்டு கிடைக்காது.

இதில் மூலக்கூறு உயிரியலுக்கும் ஒரு பங்கு உண்டு. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908ல் மாட்டு டி.பி. கிருமியை எடுத்து, உருளைக்கிழங்கின் மேல் வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதுக் கிழங்குக்கு மாற்றி, மாற்றி, 13 வருடத்தில் 230 தடவை மாற்றினார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கு ஒரு ஜெராக்ஸ் என்று எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் எழுத்து அழியும் இல்லையா? அது மாதிரி கிருமியின் வீரியம் போனது. 1921ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். எந்த எழுத்து அழிந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மரபணு என்றால் என்ன பொருள் என்றே தெரியாத காலம்.

1996ல்தான் தெரிந்தது. கிருமியின் மரபணுத் தொகுப்பில் ஆர்.டி.1 என்கிற ஒரு துண்டு பி.சி.ஜி.யில் காணோம். நோயைத் தருவதில் அந்தத் துண்டுக்குப் பெரிய பங்கு. அதே துண்டு செய்கிற புரதங்களை டி அணுக்கள் நன்றாக அடையாளம் கண்டுகொள்ளும். ஆக, பல்லைப் பிடுங்கும்போது பாம்பின் முகத்திலும் கொஞ்சம் போய்விட்டது. இதில் ஒரு லாபமும் உண்டு. பழைய தோல் சோதனை, ஊசி போட்டவரையும் டி.பி. தொற்றியவரையும் குழப்பிக்கொள்ளும். ஆர்.டி.1 புரதங்களை வைத்துச் செய்கிற புதுச் சோதனைகள் குழப்பாது, ஏனென்றால் ஊசியில் அந்தத் துண்டே இல்லை.

மரபியலுக்கும் வருவோம், இது வீட்டுக்குள் வருகிற விஷயம். இன்டர்ஃபெரான் காமாவின் சேதியை வாங்கிக்கொள்கிற ஏற்பி பழுதாகிப் பிறக்கிற குழந்தைகள் மிக மிக அரிதாக உண்டு. 1996ல் இதன் மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். டி அணுக்களே சரியாக இல்லாமல் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. இவர்களுக்கு சாதுவான பி.சி.ஜி.யே உடம்பு முழுக்கப் பரவி நோயாகிவிடும். இந்தக் கோளாறுகளில் பல, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டுகிற ஊரில் அந்த வாய்ப்பு கூடும் என்பது சாதாரணக் கணக்கு. முன்னால் பிறந்த குழந்தை சில மாதங்களிலேயே ஏதோ தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். ஊசியே வேண்டாம் என்று ஓடுவதை விட, இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ மேல். வாட்ஸப் கோஷ்டி இதைச் சொல்லாது, ஏனென்றால் இதில் பரபரப்பு இல்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். பழைய கதை இல்லை என்பதுதான் விஷயமே.

2018ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. குழந்தையில் பி.சி.ஜி. போட்ட இளம் வயதினருக்கு மறுபடி ஒரு டோஸ் போட்டால், நிலைத்த தொற்று 45 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்தியாவில் 2024ல் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போடுகிற முயற்சி தொடங்கியது. அந்த 45ஐ உறுதி செய்யப் பெரிதாக நடத்திய சோதனையின் முடிவு 2025ல் வந்தது. பாதுகாப்பு எதுவும் இல்லை. மறுபடியும் அதே பூஜ்யம்! திருவள்ளூரை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

பெரியவர்களுக்கு ஊசி போட்டே பார்க்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. யாருக்குப் பயன்படலாம் என்று தேடுவது நல்லதுதான். ஆனால் தேடினால், கணக்கு வைத்துத் தேட வேண்டும். முகாம் போட்டு, பேனர் கட்டி, எத்தனை பேருக்குப் போட்டோம் என்று மட்டும் எண்ணுவது தேடல் ஆகாது. ஊசி போடாத ஒரு குழுவோடு ஒப்பிட்டு, எத்தனை பேருக்கு நோய் வரவில்லை என்று எண்ணினால்தான் தேடல். 1968ல் எக்ஸ்ரே மிஷினைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன காலத்திலேயே இதைச் செய்ய முடிந்திருக்கிறது. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற இன்று முடியாதா?

ஊசி ஒன்றே கதி என்று உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. 1999ல் தொடங்கி, கண் முன்னால் மாத்திரை கொடுக்கிற டாட்ஸ் முறையை இதே திருவள்ளூர்ப் பகுதியில் ஒழுங்காக நடத்தியபோது, 2006 வரையிலான கணக்கெடுப்புகளில் நுரையீரல் டி.பி. கிட்டத்தட்ட பாதியாக இறங்கியது. (அந்த இறக்கம் அதே வேகத்தில் நீடிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள்தான் எழுதினார்கள்.) ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023ல் வெளியானது. வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரே அறையில் எட்டுப் பேர் ஷிஃப்ட் போட்டுத் தூங்கி, ஒரு வேளை பரோட்டாவோடு நாளை ஓட்டுகிற தொழிலாளிக்கு எது முதலில் வேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்தால் புரியும். காற்று வருகிற அறை, வயிறு நிறையச் சாப்பாடு, இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சம்பளம் வெட்டாமல் ஒரு நாள் லீவு. இதற்கு எந்த நாட்டு லைசென்ஸும் வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக, பாக்கி ஒன்று இருக்கிறது.

இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். ஏரி வேலை, நாற்று நடவு, செங்கல் சூளை என்று இருந்தவர்கள். பதினைந்து வருடம் எக்ஸ்ரேவுக்கு வந்து நின்றார்கள், சளி கொடுத்தார்கள். அவர்கள் தந்த விடையை வைத்து உலகம் முழுக்கப் பாடப்புத்தகம் திருத்தினார்கள். அந்த அறிக்கைகள் இரண்டும் ஆங்கிலத்தில் வந்தன. கை நீட்டியவர்களின் மொழி அது இல்லை. பொருள் வாங்கியவர் ரசீது கொடுக்க வேண்டும் என்பது முதல் வருட பி.காம். பையனுக்கே தெரிந்த விஷயம்.

திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நோய் எதிர்ப்பியலின் முதல் வகுப்பு கோட்டையும் சிப்பாயுமாகத் தொடங்க வேண்டாம். "இந்த ஊர்க்காரர்கள் ஒரு கேள்விக்கு விடை சொன்னார்கள், அது பூஜ்யம், ஏன் என்று பார்ப்போம்" என்று தொடங்கட்டும். அந்தக் கல்லூரி வாசலில் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். எத்தனை பேர், எந்த வருடம், என்ன விடை. அவ்வளவு போதும்.

பூஜ்யம் வந்தது யாருக்கும் அவமானம் இல்லை. வந்த பூஜ்யத்தை ஒருவர் திரிப்பதும் ஒருவர் மறைப்பதும்தான் அவமானம்.

அடுத்த தடவை லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் தோளைக் கொஞ்சம் பாருங்கள். அறுபது வயது தாண்டிய திருவள்ளூர்க்காரராக இருந்தால், "சின்ன வயசுல எக்ஸ்ரே வண்டி வந்து ஊசி போட்டாங்களா தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், என்ன விடை வந்தது என்று அவருக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள். திருவள்ளூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.